வசவில் ஓடிய சைக்கிள்

சுருளியம்மா கட்டிய மின்சார சைக்கிள் பேட்டரியே இல்லாமல் மலை ஏறியதைப் பார்த்து முடக்காற்றில் ஒருத்தர்கூட ஆச்சரியப்படவில்லை. அந்த ஊர்க்காரர்கள் வாயைத் திறந்ததெல்லாம் அவளைத் திட்டுவதற்குத்தான், அந்தத் திட்டில்தான் வண்டியே ஓடுகிறது என்று தெரிந்த பிறகும் "ஓடும் ஓடும், அவ செஞ்ச காரியத்துக்கு நம்ம வசவுல ரயிலே ஓடும்" என்று சொல்லிவிட்டு வெற்றிலையைத் துப்பினார்களே தவிர, இது எப்படி நடக்கிறது, எந்த வயர் வழியாக வசவு மோட்டாருக்குள் போகிறது என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. ஊருக்கு அதைவிடப் பெரிய வேலை இருந்தது. சுருளியம்மாவை வெறுக்கிற வேலை.

அவள் செய்த காரியம் இதுதான். முடக்காறு மலையடிவாரத்து ஊர். அங்கிருந்து உச்சியில் இருக்கிற மேல்முடி வரைக்கும் ஏலத்தோட்டங்கள், தோட்டத்துக்கு வேலைக்குப் போகிற பொம்பளைகளை ஏற்றிப்போக ஜீப்புகள், ஒவ்வொரு ஜீப்பிலும் மடியில் ஆள், மட்காட்டில் ஆள், பின்னால் தொங்கிக்கொண்டு ஆள் என்று அடைத்து அடைத்து ஏற்றுவார்கள். ஒரு மழைக்காலத்துக் காலையில் மூணாம் வளைவில் ஒரு ஜீப் உருண்டது. நாலு பொம்பளைகள் செத்துப்போனார்கள். அதே ஜீப்பில் இருந்த சுருளியம்மாவுக்குத் தொடை எலும்பு முறிந்து பிளேட் வைத்தார்கள். ஓட்டியவன் பாண்டீசு, சுருளியம்மாவின் ஒரே மகள் நாகஜோதியின் புருஷன். ஊர் கூடியது, கேட்கிறவர்களிடம் காட்டுமாடு குறுக்கே பாய்ந்தது என்று சொல்வதாகப் பேசி முடித்தது; செத்தவர்களின் வீட்டுக்காரர்களும் தலையை ஆட்டினார்கள், ஏனென்றால் அவர்களிடமும் ஒரு ஜீப் இருந்தது, இல்லாவிட்டால் ஜீப் வைத்திருக்கிற மச்சான் இருந்தான். வழக்கு இழுத்து இழுத்துக் கடைசியில் சாட்சிக்கு வந்தபோது எல்லோரும் மாடு வந்தது, மாடு வந்தது, பெரிய மாடு வந்தது என்று சொல்லிவிட்டு இறங்க, சுருளியம்மா மட்டும் பிளேட் வைத்த காலோடு கூண்டில் ஏறி நின்று, "மாடு வரலைய்யா. மாடு பாவம். எம்மருமகன் ஆள் மேல ஆளா அடைச்சு ஏத்துனான், வளைவுல பிரேக் நிக்கல" என்று சொல்லிவிட்டாள்.

பாண்டீசு ஜெயிலுக்குப் போனான். தீர்ப்பு வந்த அன்றைக்கு நாகஜோதிக்கு நாள் தள்ளிப்போயிருந்தது. கோர்ட்டு வாசலில் எல்லோர் முன்னாலும் "எனக்கு ஆத்தா செத்துப் போயிட்டா" என்று சொல்லிவிட்டு மேல்முடிக்குப் போய் மாமியார் வீட்டில் உட்கார்ந்தவள்தான், அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. ஜீப் சங்கத் தலைவர் மொக்கராசு அன்றைக்கே கூட்டம் போட்டு, சுருளியம்மாவுக்கு எந்த ஜீப்பிலும் சீட்டு கிடையாது, சங்கம் செப்பனிட்டு வைத்திருக்கிற ஜீப்பு ரோட்டில் அவள் கால் படக் கூடாது என்று தீர்மானம் போட்டார்.

திட்டை அவள் தாங்கிக்கொண்டாள். தாங்க முடியாதது வேறு. அந்த மலைப்பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு: தலைப்பிள்ளை சுமக்கிறவளுக்கு ஏழாம் மாசம் முடிவதற்குள் பெற்றவள் தன் கையால் ஐந்து வகைச் சோறு கட்டிக்கொண்டு போய்ப் போட வேண்டும். பெரியம்மாவோ சித்தியோ கொடுத்துவிட்டால் கணக்கில் வராது. அப்படிச் சோறு வராதவளை 'சோறு காணாதவ' என்பார்கள், அவள் கிழவியாகிச் சாகிற வரைக்கும் அந்தப் பேர் போகாது, அவள் பிள்ளையைச் 'சோறு காணாதவ மகன்' என்றுதான் பள்ளிக்கூடத்திலும் கூப்பிடுவார்கள். மகள் மூஞ்சியில் காறித் துப்பினாலும் சரி, அந்தப் பேர் மட்டும் அவள்மேல் விழுந்துவிடக் கூடாது என்று சுருளியம்மா நெஞ்சுக்குள் முடிந்துவைத்துக்கொண்டாள்.

அதனால்தான் சைக்கிள். ஜீப்பு ரோடு இல்லாவிட்டால் மேல்முடிக்கு இன்னொரு வழி பழைய கழுதைப்பாதை. ஆள் நடமாட்டம் இல்லாத, கல்லும் வேருமாகக் கிடக்கிற செங்குத்துப் பாதை, நடந்து ஏற அவள் கால் ஒத்துவராது. புருஷன் போன பிறகு அவன் வைத்திருந்த சைக்கிள் கடையை அவள்தான் நடத்தினாள், பஞ்சர் ஒட்டுவாள், ரிம்மில் கோட்டம் எடுப்பாள். கோர்ட்டுக்குப் பிறகு ஊரில் ஒரு சைக்கிள்கூட அவள் கடைக்கு வரவில்லை என்பதால் நேரத்துக்குப் பஞ்சமில்லை. மலை பார்க்க வந்த எவனோ ஒருத்தன் கழுத்துப்பக்கம் விரிசல் விட்ட மலைச் சைக்கிள் ஒன்றைக் கடையோரம் போட்டுவிட்டுப் போயிருந்தான். அலுமினிய பிரேம். அதை பஸ்ஸில் தூக்கிக்கொண்டு டவுனுக்குப் போய் ஆர்கான் வெல்டிங் வைத்தாள், கோயம்புத்தூரிலிருந்து பின்சக்கரத்துக்குள் உட்காருகிற சின்ன மோட்டாரையும் பேட்டரியையும் பார்சலில் வரவழைத்தாள், மாட்டினாள். மாட்டியதும் வண்டி எருமைக்கன்று போலக் கனத்தது.

கனம்தான் அவளுக்குப் பிரச்சினை. கழுதைப்பாதையில் இரண்டு இடத்தில் பாறையையே படியாக வெட்டியிருக்கிறார்கள், அங்கே வண்டியைத் தோளில் தூக்கித்தான் ஏற வேண்டும், தூக்குகிறதோ பிளேட் வைத்த கால். குழாயடியிலிருந்து ஒரு குடம் தண்ணீரை இடுப்பில் வைத்து வீட்டுப் படி ஏற அவளால் முடிந்தது, அதற்குமேல் ஒரு செம்பு கூடினாலும் கால் மடங்கிவிடும். ஆக ஒரு குடம்தான் அவளுடைய எடைக்கல். கடை முன்னால் நின்ற பூவரச மரத்தில் ஒரு மூங்கிலை நடுவில் கட்டித் தொங்கவிட்டாள், ஒரு முனையில் சைக்கிள், மறுமுனையில் தண்ணீர்க் குடம், கட்டுச்சோற்றுக்கென்று குடத்திலிருந்து மூன்று செம்பை மொண்டு கொட்டிவிட்டு மிச்சத்துக்குச் சமமாக வண்டி வர வேண்டும் என்று வரிந்து கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். ஸ்டாண்டைக் கழற்றினாள், மட்காடு, மணி, பின்கேரியர் எல்லாவற்றையும் கழற்றினாள், சீட்டுக்குள் இருந்த பஞ்சைப் பிடுங்கினாள், சீட்டுக் குழாயில் வரிசையாக ஓட்டை போட்டாள், பிரேக் பிடியில் ஓட்டை போட்டாள், ஹேண்டில் நுனியை இரண்டு பக்கமும் அறுத்தாள், மூங்கில் இன்னும் சைக்கிள் பக்கமே சாய்ந்தது. போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று, "என்னடி, வண்டிக்குத் தூக்குத்தண்டனையா, ஒனக்குக் குடுக்க வேண்டியதை அதுக்குக் குடுத்துட்டியா" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். கடைசியில் பேட்டரியைப் பிரித்து, உள்ளே இருந்த செல்களை ஒரு வரிசை எடுத்தாள், இன்னொரு வரிசை எடுத்தாள், மூங்கில் சமமாக நின்றபோது மிச்சமிருந்த பேட்டரி திருவிழாவில் விற்கிற பொம்மைக் காருக்குத்தான் காணும்.

அதை வைத்துக்கொண்டு ஒரு நாள் சாயங்காலம் கழுதைப்பாதையில் ஓட்டிப் பார்த்தாள். குழாயடியைத் தாண்டி முதல் ஏற்றத்தில் மோட்டார் விக்கியது, பேட்டரியின் சிவப்பு விளக்கு அணைந்தது, வண்டி நின்றது. குழாயடியில் வெள்ளத்தாய் குடம் பிடித்துக்கொண்டிருந்தாள். வெள்ளத்தாய், மொக்கராசின் மதினி. செத்துப்போன நாலு பேரில் ஒருத்தியின் அக்கா. வசவில் அவளை மிஞ்ச அந்தத் தாலுகாவில் ஆள் கிடையாது.

"ஏ வெளங்காதவளே!" என்று ஆரம்பித்தாள் வெள்ளத்தாய். "மருமகனைப் புடிச்சு ஜெயில்ல குடுத்துட்டு ஒனக்குச் சைக்கிள் சவாரி கேக்குதா? ஒங்கட்டை வேக! ஏறுடி, ஏறு, ஏறி அங்கிட்டே உருண்டு போ!"

சிவப்பு விளக்கு பச்சையாக எரிந்தது. மோட்டார் முனகியது. வண்டி சுருளியம்மாவை ஏற்றிக்கொண்டு அந்த ஏற்றத்தைத் தாண்டி, அடுத்த ஏற்றத்தையும் தாண்டி, வெள்ளத்தாய் மூச்சு வாங்குவதற்காக நிறுத்திய இடத்தில் தானும் நின்றது. சுருளியம்மா திரும்பிப் பார்த்தாள். ஒரு நிமிஷம் யோசித்தாள். பிறகு, "அம்புட்டுத்தானா மதினி? சாப்பாடு கீப்பாடு இல்லையா இன்னைக்கு?" என்று அங்கிருந்தே கேட்டாள். வெள்ளத்தாய் குடத்தைக் கீழே போட்டுவிட்டு மண்ணை இரண்டு கையாலும் வாரித் தூற்றினாள். அந்த மண்ணுக்கு வண்டி முதல் படிப்பாறை வரைக்கும் போனது.

மறுநாளே சுருளியம்மா மிச்ச பேட்டரியையும் கழற்றி எறிந்துவிட்டு, அது இருந்த இடத்தில் சோற்றுத் தூக்கை வைக்க வாகாக ஒரு பட்டையைக் கட்டினாள். மூங்கில் சைக்கிளை மேலே தூக்கியது. இனிச் சோற்றோடு ஒரு செம்பு பாயசம்கூடக் கொண்டுபோகலாம்.

ஊருக்கு விஷயம் தெரிந்த விதத்தைக் கேளுங்கள். முதலில் யார் வசவில் வண்டி எவ்வளவு தூரம் போகிறது என்கிற பேச்சு கிளம்பியது. 'நாசமாப் போறவ' என்றால் ரேஷன் கடை வரைக்கும், 'பாடையில போறவ' என்றால் ஓடைப்பாலம் வரைக்கும், சும்மா காறித் துப்பினால் வீட்டு வாசலைத் தாண்டும், அவ்வளவுதான். ஆம்பளைகளின் கெட்ட வார்த்தைகள் சத்தம் பெரிதாக இருந்தாலும் பத்தடிக்குமேல் தாங்கவில்லை, அதில் அவர்களுக்கு ரொம்ப அவமானம். வெள்ளத்தாயின் வசவு மட்டும் முதல் படிப்பாறைக்குப் போகிறது என்று தெரிந்தபோது அவள் நடையே மாறிவிட்டது. கல்யாண வீட்டில் முதல் பந்தியில் உட்காரவைத்தார்கள். டீக்கடைக்காரர் ஒருநாள் தொண்டை கட்டிக்கொண்டு திட்ட முடியாமல் போக, சுருளியம்மா அவர் கடை வாசலிலேயே வண்டி நின்றுபோய்க் காத்திருக்க, அவர் சுக்குத்தண்ணி குடித்துவிட்டு வந்து திட்டி அனுப்பினார். ஊர் அந்த வண்டியோடு அப்படிப் பழகிப்போனது. அவளைத் திட்டுவது அவளுக்கு உதவி செய்வது என்று ஒருத்தருக்கும் உறைக்கவில்லை.

உறைத்தது மொக்கராசுக்குத்தான். ஜீப் ஸ்டாண்டில் ஊரைக் கூட்டினார். "அறிவிருக்காய்யா ஒங்களுக்கு? அவ வண்டிக்கு நீங்கதான பெட்ரோல் ஊத்துறீங்க! இன்னும் நாலு பேர் சேந்து திட்டுனா நேரா மேல்முடிக்கே போயிருவா. இன்னையிலருந்து ஒரு பய அவளைத் திட்டக் கூடாது. அத்தனை பேரும் வாயைப் பொத்துங்க."

பொத்தினார்கள். பாவம், பொத்திய வாய்க்குள் வசவு புளித்துப்போய்ப் பலருக்கு வயிறு உப்பியது, வெள்ளத்தாய்க்கு நாக்கில் கொப்பளம் வந்தது, கோழியையும் ஆட்டையும் குழாயையும் திட்டிப் பார்த்தாள், ஆறவில்லை. ஆனால் சுருளியம்மா தெருவில் வந்தால் எல்லோரும் பல்லைக் கடித்துக்கொண்டு, "என்ன சுருளி, சாப்ட்டியா? நல்லா இரு தாயி, மகராசியா இரு" என்றார்கள். அந்த மகராசியில் வண்டி பாய்ந்தது பாருங்கள், முதல் படிப்பாறையில் தூக்கி ஏற்றியதும் மறுபடி பாய்ந்து, பிரேக் பிடிக்கப் பிடிக்க நிற்காமல் இரண்டாம் படிப்பாறை வரைக்கும் போய்த்தான் நின்றது. உள்ளே அடக்கிய வெறுப்புக்கு வெளியே கொட்டிய வெறுப்பைவிட வேகம் அதிகம். மொக்கராசு தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அவர் லேசுப்பட்ட ஆள் இல்லை. இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் பக்கத்து ஊரான கல்லூத்துக்காரர்கள் ஓடைத் தண்ணீரை மேலேயே மறித்துக் கட்டிவிட்டார்கள் என்று ஒரு பேச்சைக் கிளப்பினார். மறித்தார்களா இல்லையா என்று யாரும் போய்ப் பார்க்கவில்லை. காலையில் கிளம்பிய பேச்சு சாயங்காலத்துக்குள் ஊரெல்லாம் பற்றிக்கொண்டது. கல்லூத்தில் பெண் எடுத்தவன் பெண்டாட்டியை அம்மா வீட்டுக்கு அனுப்பினான், கல்லூத்துப் பால்காரனின் கேனைக் கவிழ்த்தார்கள், வெள்ளத்தாய் ஓடைக்கரையில் நின்று கல்லூத்துத் திசையைப் பார்த்துத் தொண்டை கிழியத் திட்டினாள், அவள் நாக்குக் கொப்பளம் அன்றைக்கே ஆறிப்போனது. வெறுப்பதற்குப் புதிதாக ஒரு ஊரே கிடைத்துவிட்டபோது ஒற்றைப் பொம்பளையை யார் வெறுப்பார்கள்? ஒரே வாரத்தில் முடக்காறு சுருளியம்மாவை மறந்தது.

சைக்கிள் கடையோரம் செத்துப்போய் நின்றது. அவள் குழாயடிக்குப் போனால் வெள்ளத்தாய் முகத்தைக்கூடப் பார்க்காமல், "தள்ளி நில்லு சுருளி, கொடம் நெறஞ்சிருச்சு பாரு" என்றாள். அவ்வளவுதான். அதில் கசப்பும் இல்லை, ஒன்றும் இல்லை. கோர்ட்டு வாசலில் அழாத சுருளியம்மா, ஊரார் செருப்பை வீசியபோது அழாத சுருளியம்மா, அன்றைக்குக் குழாயடியில் குடம் வழிய வழிய நின்று அழுதாள்.

ஏழாம் மாசம் முடிய ஒரு வாரம்கூட இல்லை. சும்மா இருப்பாளா? மொக்கராசு வீட்டு வாசலில் போய்ச் சாணித்தண்ணியை ஊற்றினாள். அவர் போனில் பேசிக்கொண்டே காலைத் தூக்கித் தாண்டி வந்து, "வழுக்கப்போகுது மதினி, பாத்துப் போங்க" என்றார். பெண்கள் எண்ணெய் முழுக்குக்கு உட்கார்ந்திருந்த இடத்தில் போய் ஒவ்வொருத்தி குடும்பக் கதையையும் எடுத்துவிட்டாள். "அதை விடு சுருளி, கல்லூத்துக்காரி என்ன சொன்னா தெரியுமா" என்று அவளையும் கூட உட்காரச் சொன்னார்கள். கடைசியாக ஜீப் ஸ்டாண்டுக்குப் போய் நடுவில் நின்று கத்தினாள்.

"நாந்தான்டா சாட்சி சொன்னேன்! மாடு வரலைன்னு சொன்னது நாந்தான்! திட்டுங்கடா!"

டிரைவர்கள் சீட்டாட்டத்திலிருந்து தலையைத் தூக்கினார்கள். "ஆமா சின்னம்மா, விடு, பழைய கதை" என்றான் ஒருத்தன்.

பழைய கதை. நாலு பொம்பளைகள் மண்ணுக்குள் போனது பழைய கதை. ஊர் அவளைத் திட்டிக்கொண்டிருந்த வரைக்கும் அந்த நாலு பேரும் தினமும் யார் வாயிலாவது வந்து போனார்கள். இப்போது அவர்களும் சேர்ந்து காணாமல் போய்விட்டார்கள் என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. "அப்ப எனக்கு ஜீப்புல ஒரு சீட்டுக் குடுங்கடா" என்றாள். "அது முடியாது சின்னம்மா. சங்கத்து முடிவு. என்னத்துக்குப் போட்டோம்னு மறந்துபோச்சு, ஆனா முடிவு முடிவுதான்" என்று சொல்லிவிட்டு அவன் சீட்டை இறக்கினான்.

கடைசி வெள்ளிக்கிழமை வந்தது. சுருளியம்மா புளிச்சோறும் எலுமிச்சஞ்சோறும் தேங்காய்ச்சோறும் தயிர்ச்சோறும் சர்க்கரைப்பொங்கலும் ஆக்கி, தூக்கில் அடுக்கி, மஞ்சள் துணியில் கட்டி, பேட்டரி இருந்த இடத்தில் பட்டை போட்டு இறுக்கினாள். வண்டி ஓடாது என்று தெரியும். தெரிந்துதான் கிளம்பினாள். முதல் ஏற்றத்தில் மிதித்தாள், இரண்டாம் ஏற்றத்தில் தள்ளினாள், முதல் படிப்பாறையில் வண்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்து உட்கார்ந்து பின்பக்கமாக ஏறினாள். கழுதைப்பாதை ஜீப்பு ரோட்டைக் குறுக்கே வெட்டுகிற இடம்தான் மூணாம் வளைவு. அங்கே வந்தபோது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது, தொடை வீங்கிக் கல்லாகிவிட்டது. மேலே நிமிர்ந்து பார்த்தால் மேல்முடி வீடுகளின் தகரக்கூரை மின்னியது. பாதி வழிகூட ஆகவில்லை. ஜீப் உருண்ட இடத்தில் கட்டியிருந்த புதுச் சுவரில் உட்கார்ந்து, "என்னால முடியல, ஆத்தாக்களா" என்று செத்துப்போன நாலு பேரிடமும் சொன்னாள்.

அப்போது இடுப்பில் இருந்த போன் அடித்தது. நாகஜோதி.

"நீ எங்க உக்காந்திருக்கேன்னு தெரியுதா ஒனக்கு?" என்றது குரல். ஆறு மாசமாகக் கேட்காத குரல்.

"மூணாம் வளைவுல, தாயி."

"மேலருந்து பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். அந்த எடத்துல உக்கார ஒனக்குக் கூசலையா? எம்புருசன் அங்க களி தின்னுக்கிட்டுக் கெடக்கான், நீ சோத்தக் கட்டித் தூக்கிக்கிட்டு வாரியா? ஒன்னைய யாரு வரச் சொன்னா? நீயெல்லாம் ஒரு தாயா?"

சுவரில் சாய்ந்திருந்த சைக்கிளின் பின்சக்கரம் மெல்ல ஒரு சுற்றுச் சுற்றியது. சுருளியம்மா அதைப் பார்த்தாள். மகளிடம் மறைத்து ஏறக் கூடாது என்று தோன்றியது.

"நாகு, சொல்லிப்புடுறேன் கேளு. நீ திட்டத் திட்ட இந்த வண்டி ஏறும். வரவேண்டாம்னு நெனச்சா போனை வச்சிரு. நான் இப்படியே திரும்பிருவேன், ஒன்னையக் குத்தம் சொல்லமாட்டேன்."



"எனக்குத் தெரியாதாக்கும்?" என்றாள் நாகஜோதி. "ஜீப்புல வாரவளுக அம்புட்டுப் பேரும் இதைத்தான சொல்றாளுக. நான் வைக்கமாட்டேன். நான் இன்னும் முடிக்கல."

சுருளியம்மா போனை ஸ்பீக்கரில் போட்டு ரவிக்கைக்குள் சொருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். அந்த வண்டி அப்படி ஒரு ஏற்றத்தை அதற்கு முன்னால் ஏறியதில்லை. ஊர் வசவெல்லாம் கோர்ட்டில் நடந்த ஒரு நாளைப் பற்றியது; மகளுக்கோ பிறந்ததிலிருந்து கணக்கு இருந்தது. பத்தாவதோடு படிப்பை நிறுத்தியதற்கு ஒரு ஏற்றம், அப்பன் செத்த அன்றைக்கு அழாதே என்று அதட்டியதற்கு ஒரு ஏற்றம், மஞ்சள் காமாலையில் கிடந்தபோது கடையைத் திறக்கப் போனதற்கு ஒரு திருப்பம், ஒவ்வொன்றையும் நாகஜோதி மூச்சுவிடாமல் எடுத்து வீச, கல்லும் வேரும் சக்கரத்துக்கடியில் சரசரவென்று பின்னால் போனது. இரண்டாம் படிப்பாறையில் சுருளியம்மா இறங்கித் தூக்கப்போனாள். "அவனைப் பாத்துக் கட்டிவச்சது யாரு? நான் வேணாம் வேணாம்னேனே, நல்ல டிரைவருன்னு சொன்னது யாரு? நீதான, நீதான!" என்று போன் அலறியது, வண்டி கயிற்றில் கட்டிய ஆடு போல அவளை இழுத்துக்கொண்டு படிகளில் தானே ஏறியது.

"நாந்தான் தாயி" என்றாள் சுருளியம்மா, இழுபட்டுக்கொண்டே.

"மாடு வந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஒன் நாக்கு அழுகியா போயிருக்கும்?"

"மாடு வரலையே நாகு."

"தெரியும்மா! வரலைன்னு எனக்குத் தெரியும்! அவன் எங்கிட்ட அன்னைக்கே சொல்லிட்டான்! அதுதான எனக்கு எரியுது, பாவி, அதுதான எரியுது!"

அந்த ஒரு வார்த்தையில் வண்டி மேல்முடி வாசலுக்கு வந்துவிட்டது.

நாகஜோதி முற்றத்தில் போனைக் காதில் வைத்தபடியே நின்றாள். வயிறு நன்றாக மேடிட்டிருந்தது, கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது, காலில் நீர் கோத்திருந்தது. எதிரில் வந்து நிற்கிறவளைப் பார்த்தே போனில் திட்டினாள், சுருளியம்மாவின் ரவிக்கைக்குள்ளிருந்தும் அதே வசவு கேட்டது, மாமியார்க்காரி இரண்டு குரலையும் கேட்டுக்கொண்டு வாசற்படியில் நின்றாள். சுவரில் சாய்த்த சைக்கிளின் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. சுருளியம்மா துணியை அவிழ்த்தாள், தூக்கைப் பிரித்தாள், புளிச்சோற்றைக் கையில் உருட்டி நீட்டினாள்.

நாகஜோதி போனை அணைத்தாள். கையை நீட்டி வாங்கினாள். அம்மா முகத்தைப் பார்க்காமல், மலையைப் பார்த்துக்கொண்டு, நின்றவாக்கில் தின்றாள். இரண்டாவது உருண்டைக்கும் கையை நீட்டினாள். ஐந்து சோற்றையும் தின்றாள், தூக்கின் ஓரத்தை விரலால் வழித்துத் தின்றாள். சக்கரம் நிற்கவில்லை. நிற்கும் என்று எதிர்பார்த்து ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்த சுருளியம்மாவுக்குக் கண் நிறைந்தது. சோறும் உள்ளே போகிறது, வெறுப்பும் அப்படியே இருக்கிறது, இரண்டும் ஒரே வயிற்றில் கிடக்கிறது என்று கண்டாள்.

"புளி ஜாஸ்தி" என்றாள் நாகஜோதி, கையைக் கழுவிக்கொண்டு. பிறகு தாலிக்கயிற்றை எடுத்து மார்புச் சேலைக்குள் விட்டுக்கொண்டு, முதல்முறையாக அம்மாவின் கண்ணைப் பார்த்தாள். "சோறு போட்டாச்சுல்ல, போ. எட்டாம் மாசம், பலகாரம், அது இதுன்னு சொல்லிக்கிட்டு இந்த வாசல்ல திரும்ப வந்து நின்ன, இருக்கிற இன்னொரு காலையும் ஒடிச்சிருவேன், ஆமா!"

சக்கரம் விர்ரென்று சுழன்றது. முற்றத்துக் கோழிகள் சிதறி ஓடின. சோறு கட்டி வந்த மஞ்சள் துணியை எடுத்து சுருளியம்மா ஸ்போக்ஸ் கம்பிகளுக்குள் விட்டு, சுற்ற முடியாதபடி சக்கரத்தை பிரேமோடு சேர்த்து இறுக்கிக் கட்டினாள். இறக்கத்தில் ஓட்டி அந்த வசவை வீணடிக்க அவளுக்கு மனசில்லை.

"சரி தாயி" என்றாள்.

சைக்கிளைக் குடம் போல இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, நொண்டி நொண்டி, உட்கார்ந்து உட்கார்ந்து, கழுதைப்பாதையில் இறங்கினாள். அவசரம் ஒன்றும் இல்லை. எட்டாம் மாசத்துக்கு இன்னும் நாள் இருந்தது, அதிரசத்துக்கு அரிசி ஊறப்போட வேண்டும், அவ்வளவுதான்.